உங்களுக்கென்று ஒரு சூப்பர் பவர்: ஆர்வத்திலிருந்து அதை உருவாக்கும் வழி

"உனக்கு ஒரு சூப்பர் பவர் கிடைத்தால் என்ன கேட்பாய்?" என்று யாரைக் கேட்டாலும் பதில் நாலைந்துக்குள் அடங்கிவிடும். பறக்க வேண்டும், மறைய வேண்டும், அடுத்தவர் மனதைப் படிக்க வேண்டும், நேரத்தை நிறுத்த வேண்டும். இவை புதிய ஆசைகளும் இல்லை. உடலை அணுவாகச் சுருக்கினால் அணிமா, மலையாகப் பெருக்கினால் மகிமா, காற்றைப்போல் லேசானால் லகிமா என்று எட்டு சித்திகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். கூடு விட்டுக் கூடு பாய்வதைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் பறக்க நினைப்பவர் யார், அவருக்கு எதன்மேல் உயிர் என்பது அந்தப் பதிலிலிருந்து தெரிவதில்லை.

இங்கே நான் சொல்லப்போவது வேறு ஒரு முறை. உங்களுக்கு எதன்மேல் உண்மையான பித்து இருக்கிறதோ, அதற்குள்ளிருந்தே ஒரு சக்தியைக் கற்பனை செய்வது. கதை எழுதுகிறவர்கள், படக்கதை வரைகிறவர்கள், குழந்தைகளோடு மாலையில் உட்கார்ந்து கற்பனை விளையாட்டு விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள் போதும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் தூங்கி எழுந்தால் யோசனை தானாக முற்றும்.

இந்த முறைக்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். அவர் ஒரு உளவியலாளர். ஒருவர் பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து 1917-இலேயே கட்டுரை வெளியிட்டவர். பின்னாளில் அவர் படக்கதைக்காக ஒரு நாயகியை உருவாக்கினார். 1941-இல் அறிமுகமான வொண்டர் வுமன்தான் அவள். அவள் கையில் உள்ள கயிற்றில் கட்டுண்டவர் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும், உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவரை ஆட்டிப்படைத்த கேள்வியோடு இந்தக் கயிற்றைச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. உங்களை ஆட்டிப்படைக்கும் கேள்வி எது? அதைத் தேடுவதிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: ஆர்வத்தைக் கண்டுபிடியுங்கள்

"எனக்கு அப்படிப் பெரிய ஆர்வம் எதுவும் இல்லை" என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் அதை நம்புவதில்லை. ஆர்வம் என்றால் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும், திறமை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதால் வரும் தயக்கம் அது. திறமை வேறு, ஆர்வம் வேறு. சுருதியே சேராமல் பாடுகிறவருக்குப் பாட்டின்மேல் உயிராக இருக்கலாம். நன்றாகக் கணக்குப் போடுகிறவருக்குக் கணக்கு அலுத்துப்போயிருக்கலாம்.

நோட்டில் 15 நிமிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். புதிதாக ஓர் அறைக்குள் நுழைந்தால் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? யாராவது கேட்டுவிட்டால் எதைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறீர்கள்? களைத்துப்போன நாளிலும் எதைச் செய்ய உடம்பு மறுப்பதில்லை? மற்றவர்கள் கவனிக்காத எந்தத் தப்பு உங்களை உறுத்துகிறது? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லாத ஒரு பெயர்ப்பலகை உங்களைத் தொந்தரவு செய்கிறது என்றால், உங்களுக்குள் எழுத்துரு மேல் ஒரு காதல் இருக்கிறது. உங்களுக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

வந்த பதில்களில் ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றுவதை ஒதுக்கிவிட்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருப்பதை எடுத்தால் பெரும்பாலும் அதுதான் சரியாக அமைகிறது.

என்னுடையதைச் சொல்கிறேன், கட்டுரை முழுக்க இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எனக்குப் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் பித்து. சாவி கொடுத்து ஓடும் வகை. விலையுயர்ந்தவை எதுவும் என்னிடம் இல்லை. யாரோ ஓடவில்லை என்று ஒதுக்கிப் போட்டவைதான்.

இரண்டாம் படி: எந்த நொடியில் உயிர் இருக்கிறது?

ஆர்வத்தின் பெயரைக் கண்டுபிடித்ததும் சக்தியை எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவோம். கடிகாரம் என்றால் நேரத்தை நிறுத்தும் சக்தி, பறவை என்றால் இறக்கை, இசை என்றால் குரலால் கண்ணாடியை உடைப்பது. நானும் முதல் மாலையில் நேரத்தை நிறுத்துவது பற்றித்தான் ஒரு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தபோது அதில் நான் எங்கேயும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அப்புறம் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இந்த வேலையில் எந்த நொடிக்காக நான் காத்திருக்கிறேன்? பதில் உடனே வந்தது. பல வருடங்களாக நின்றுகிடந்த ஒரு கடிகாரத்தைத் திறந்து, அது ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் நொடி. ஒரு பல்லில் சிக்கிய தூசு, காய்ந்து பசையான எண்ணெய், கண்ணுக்கே தெரியாத அளவு வளைந்த ஓர் அச்சு. அது கண்ணில் படும்போது எனக்கு வரும் சந்தோஷம், கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும்போதுகூட வருவதில்லை. மணி பார்ப்பதிலோ நேரத்திலோ எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. நின்றுபோனவற்றின் மேல்தான் எனக்கு ஈடுபாடு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஒரே ஆர்வம் உள்ள பத்துப் பேரிடமும் இந்த நொடி ஒன்றாக இருக்காது. பறவை பார்க்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் புதருக்குள் அசையாமல் காத்திருக்கும் நேரம்தான் இன்பம். இன்னொருவர் குரலை மட்டும் கேட்டுப் பெயரைச் சொல்லிவிடுவதற்காகவே போகிறார். மூன்றாமவருக்கு, இந்தச் சின்ன உடம்பு எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்ற வியப்புத் தீரவே தீராது. முதலாமவருக்கு, இருக்கிற இடத்தோடு கரைந்துபோகும் சக்தி பொருந்தும். இரண்டாமவருக்கு, கூட்டத்தின் இரைச்சலிலிருந்து ஒரே ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் காது. மூன்றாமவருக்கு, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டின் திசையை உடம்பாலேயே உணரும் சக்தி. மூவரும் "பறவைகள்" என்றுதான் நோட்டில் எழுதியிருப்பார்கள்.

அந்த நொடியை நாலைந்து வரிகளில், கை, கண், காது என்ன செய்தன என்பதோடு எழுதிவையுங்கள். பின்னால் ரொம்பத் தேவைப்படும்.

மூன்றாம் படி: உலகத்திடம் கொஞ்சம் கடன் வாங்குங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கற்பனைக்கு எதற்குத் தகவல் என்று தோன்றும். எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த படி. உங்கள் ஆர்வத்தைப் பற்றிய உண்மையான செய்திகளை ஒரு மணி நேரம் தேடிப் படியுங்கள். இயற்கையும் அறிவியலும் நாம் கற்பனை செய்வதைவிட விசித்திரமான சக்திகளை ஏற்கெனவே செய்துவைத்திருக்கின்றன.

மேலே சொன்ன மூன்றாவது பறவைக்காரருக்கு ஒரு செய்தி. 2022-இல், பிறந்து சுமார் 5 மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் பறந்து கடந்தது. நடுவில் இறங்கவே இல்லை. இந்த இனப் பறவைகள் நெடும்பயணத்துக்கு முன்பு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதே சமயம் குடல் முதலான உணவுமண்டல உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது தேவைப்படாத பாரம் அது. திசை அறியும் சக்தி உள்ள நாயகனுக்கு இதைவிட நல்ல விதி கிடைக்குமா? வீடு திரும்ப வேண்டுமென்றால் முதலில் தன்னிடமிருந்து எதையோ சுருக்கிக்கொண்டாக வேண்டும்.

மழை வாசனையில் மயங்குகிறவரா நீங்கள்? காய்ந்த மண்ணில் மழை பட்டதும் எழும் அந்த வாசனைக்கு பெட்ரிகோர் என்று 1964-இல் பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்டு தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு இதில் பங்கு உண்டு. காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே பாதி சக்தி இருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். மீதிப் பாதியை மட்டும் கற்பனை செய்தால் போதும்.

இசைப் பித்தர்கள் எர்ன்ஸ்ட் கிளாட்னியைத் தேடிப் படிக்கலாம். உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, தகட்டின் ஓரத்தில் வயலின் வில்லை இழுத்து, ஒலி அதிர்வுக்கேற்ப மணல் கோலமாக ஒதுங்குவதைக் காட்டினார். 1787-இல் அந்த வடிவங்களை நூலாக வெளியிட்டார். ஒலியை இப்படிக் கண்ணால் பார்க்க முடியும் என்றால், ஒருவர் பேசும் சொல் காற்றில் என்ன கோலம் போடுகிறது என்று பார்க்கிற கண்ணைக் கற்பனை செய்வது ஒரு எட்டுத்தான். மரம் பிடித்தவருக்கு ஆண்டு வளையங்கள் இருக்கின்றன. வறண்ட பிரதேசங்களில் மழை குறைந்த ஆண்டின் வளையம் குறுகிப்போகும், கஷ்டகாலத்தை மரம் அப்படி எழுதிவைத்துக்கொள்கிறது. வானம் பார்ப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். ஆண்ட்ரோமேடா விண்மீன் மண்டலத்திலிருந்து இன்று நம் கண்ணில் விழும் ஒளி சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கிளம்பியது.

என் கடிகாரங்களுக்கும் இரண்டு செய்திகள் எடுத்துவைத்தேன். ஒன்று, பல கைக்கடிகாரங்கள் மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன. நொடிக்கு எட்டுத் துடிப்பு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஏழு லட்சம். இன்னொன்று, உள்ளே இருக்கும் மயிரிழை போன்ற சுருள்வில்லில் காந்தம் ஏறிவிட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கிவிடும். நின்றுபோவதைவிட இது மோசம். நின்ற கடிகாரத்தை யாரும் நம்பமாட்டார்கள், வேகமாக ஓடும் கடிகாரத்தை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

நான்காம் படி: ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

சக்திக்குப் பெயர் வைப்பதற்கு முன் அதை ஒரு வினைச்சொல்லோடு, ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "நான் இதைச் செய்தால், இது நடக்கும்." முதல் பாதி உங்கள் உடம்பு செய்யும் ஒரு செயலாக இருக்கட்டும், முடிந்தால் உங்கள் ஆர்வத்தில் நீங்கள் உண்மையிலேயே செய்யும் செயலாக. "எனக்கு ஒலியின் சக்தி உண்டு" என்பது வாக்கியமாகாது. அதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது. "கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுவரில் விரலால் தட்டினால், அந்த அறையில் கடைசியாகப் பேசப்பட்ட சொல் எனக்குக் கேட்கும்" என்று எழுதினால் உடனே காட்சி தெரிகிறது. யார் வீட்டுச் சுவர், யார் பேசியது, ஏன் இவர் அதைக் கேட்க வேண்டும் என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

என் வாக்கியம் இப்படி அமைந்தது: நின்றுபோன எதையும் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக் காத்திருந்தால், அது எந்த இடத்தில் சிக்கியது என்று எனக்குத் தெரியும்.

"எதையும்" என்ற சொல் வந்து விழுந்தது தற்செயலாகத்தான். எழுதிய பிறகுதான் அதன் அகலம் புரிந்தது. நின்றுபோன இயந்திரம் மட்டும் இல்லை, நின்றுபோன பேச்சும் அதில் அடங்கும். வருடக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு பேரின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்தால், அவர்கள் பேச்சு எந்தச் சொல்லில் சிக்கி நின்றது என்று எனக்குத் தெரிந்துவிடும். பொருளைத் தாண்டி மனிதரிடம் செல்லும் இப்படி ஒரு பாதை உங்கள் வாக்கியத்திலும் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, இயந்திரங்களோடு மட்டும் நிற்கும் சக்தியும் அழகானதுதான்.

வாக்கியத்தில் "மற்றும்" வந்தால் வெட்டிவிடுங்கள். பறந்துகொண்டே தீ கக்கவும் வேண்டுமென்றால் அது இரண்டு சக்தி. ஒன்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எல்லையும் விலையும்

இங்கே நிதானமாக உட்காருங்கள். சக்தியைக் கற்பனை செய்ய ஒரு மாலை போதும், எல்லைக்கு இரண்டு மாலை வேண்டும். எல்லை இல்லாத சக்தி முதல் பக்கத்திலேயே எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடும், இரண்டாம் பக்கத்துக்கு எதுவும் மிஞ்சாது.

எல்லையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டாதீர்கள். "ஒரு நாளைக்கு மூன்று தடவைதான்", "பௌர்ணமியில் மட்டும்" என்பவை ஒட்டுப்போட்டவை என்று பார்த்தாலே தெரிகிறது. சக்தி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதன் பலவீனமும் இருக்கும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும். சூப்பர்மேன் 1938-இல் வந்தார். அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் என்ற கல் 1943-இல் வானொலித் தொடரில்தான் நுழைந்தது. அது அவர் பிறந்த கிரகத்தின் துண்டு. அவரை அசாதாரணமானவராக்கிய பிறப்பிடமே அவரைச் சாய்க்கவும் செய்கிறது. அதனால்தான் இத்தனை காலமாக அந்தக் கல் நம் நினைவில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

தோண்டுவதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, இயற்கை விதி. பழைய பட்டியலில் உள்ள சக்திகளைக்கூட இதை வைத்துப் புதிதாக்கலாம். ஒருவர் முழுக்க மறைந்துவிட்டார் என்றால் ஒளி அவரைத் தடையின்றி ஊடுருவிப் போகிறது என்று பொருள். அப்படியானால் விழித்திரையிலும் ஒளி தங்காது. மறைந்தவருக்குக் கண் தெரியாது. அதேபோல் ஒருவர் உயரத்தில் இரண்டு மடங்கானால் எலும்பின் குறுக்குப்பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். பெரிய உருவத்துக்கு எலும்பு தாங்காது என்பதை கலிலியோ 1638-இல் வெளியான நூலிலேயே விளக்கிவிட்டார். மகிமா வேண்டுமென்பவர் முழங்காலைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் ஆர்வத்துக்குள்ளேயே உங்களை எரிச்சலூட்டும் விஷயம். எல்லாக் கலையிலும் அது உண்டு. பின்னல் போடுகிறவருக்கு, ஒரு நுனி அவிழ்ந்தால் முழுதும் உருவிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். வானம் பார்ப்பவருக்கு மேகம். வரைபடப் பித்தருக்கு, உருண்டையைத் தட்டையாக்கும்போது எங்கேயாவது தப்பு வந்தே தீரும் என்ற உண்மை. என் நண்பர் ஒருவர் வரைபடப் பித்தர். அவருடைய வாக்கியம்: "ஒரு வரைபடத்தை மடித்து இரண்டு ஊர்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே எட்டில் போய்விடுவேன்." நல்ல சக்தி. எல்லை என்ன என்று ஒரு வாரம் தவித்தார். கடைசியில் அது அவர் மேசையிலேயே இருந்தது. 1569-இல் மெர்கேட்டர் வெளியிட்ட முறையில் வரைந்த உலகப் படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. துருவத்தை நெருங்க நெருங்கப் படம் இழுபட்டுக்கொண்டே போகும். அப்படியானால் இவர் மடிக்கும் படத்தில் எவ்வளவு தப்பு இருக்கிறதோ, போய் விழும் இடத்திலும் அவ்வளவு தப்பு வரும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சரியாகப் போய் இறங்குவார், வடக்கே போகப்போகத் தடுமாறுவார். நல்ல படத்தைத் தேடி அலைவதே அவர் வாழ்க்கையாகிவிடும். அவருக்கு உண்மையிலும் வாழ்க்கை ஏறக்குறைய அப்படித்தான்.

மூன்றாவது, விலை. சக்தியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் உங்களிடமிருந்து என்ன போகிறது? வலி, களைப்பு, மூக்கில் ரத்தம் என்று எழுதுவது சுலபம், ஆனால் அவை யாருக்கும் பொருந்தும். இரண்டாம் படியில் எழுதிவைத்த அந்த நொடிக்குத் திரும்பிப் போங்கள். அதற்காக நீங்கள் ஏற்கெனவே எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நான் கடிகாரத்தில் மூழ்கியிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் என் காதில் விழாது. அவர்கள் கூப்பிட்டு அலுத்துப் போயிருப்பார்கள். அதையே விலையாக்கினேன். நின்றுபோன ஒன்று என் உதவியால் மறுபடி ஓடத் தொடங்கினால், என் வாழ்க்கையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று சத்தமில்லாமல் நிற்கும். எது நின்றது என்று எனக்குத் தெரியாது. என்னை நானே இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்க முடியாதே.

எல்லைகளும் எழுதினேன். ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பற்றியும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. சிக்கிய இடம் தெரியும், சரிசெய்யும் வழி தெரியாது, அதற்குக் கைவேலைதான் வேண்டும். பக்கத்தில் காந்தம் இருந்தால் என் உணர்வு முந்திக்கொண்டு ஓடி, சிக்கிய இடத்தைத் தாண்டி வேறொரு இடத்தைக் காட்டும். அதுவும் முழு நம்பிக்கையோடு காட்டும்.

ஆறாம் படி: ஒரு சாதாரண நாளில் ஓட்டிப் பாருங்கள்

உலகத்தைக் காப்பாற்றும் காட்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை, எதுவும் நடக்காத ஒரு நாளை இந்தச் சக்தியோடு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். எப்போது அது உதவுகிறது, எப்போது தொல்லை தருகிறது, யாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறது, யார் வந்து கெஞ்சுகிறார்கள்?

என் நாள் நன்றாகத்தான் தொடங்கியது. நின்றுபோன மின்விசிறி, பாதியில் நின்ற ஒரு தையல் இயந்திரம். மதியத்துக்கு மேல் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்கு மற்றவரோடு மறுபடி பேச வேண்டும், இன்னொருவர் வற்புறுத்தலுக்காக வந்திருந்தார். கைகளைப் பிடித்ததும் தெரிந்துவிட்டது. அந்தப் பேச்சு எங்கேயும் சிக்கவில்லை. வற்புறுத்தலுக்கு வந்தவர் வேண்டுமென்றே, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை நிறுத்தியிருந்தார். நின்றுபோனதும் நிறுத்தப்பட்டதும் ஒன்றில்லை. கடிகாரங்களோடு மட்டும் இருந்த எனக்கு இது தோன்றியதே இல்லை. அன்று நோட்டை மூடிவைத்துவிட்டேன், மேலே எழுதவில்லை.

இப்படி ஒரு இடத்தில் உங்கள் பேனாவும் நின்றால், சக்தி சரியாக அமைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுவதும் வழுக்கிக்கொண்டு போனால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய், விலையை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெயரும் அடையாளமும்

இதற்கு நிறைய நேரம் செலவிட வேண்டாம். உங்கள் ஆர்வத்தில் புழங்கும் சொல் ஒன்றையே பெயராக வையுங்கள். முகமூடி, உடை எல்லாம் விருப்பம். வேலைக்குத் தேவையான ஒரு பொருள் கையில் இருந்தால் போதும், பூதக்கண்ணாடியோ பின்னல் ஊசியோ.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தனக்கு இல்லாததைச் சக்தியாக எழுதுவது முதல் சறுக்கல். கூச்ச சுபாவம் உள்ளவர் எல்லோரையும் பேச்சால் மயக்கும் சக்தியை எழுதுவார். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏக்கத்திலிருந்து எழுதும்போது விவரங்கள் வருவதில்லை, ஏனென்றால் அந்த உலகத்துக்குள் நாம் போனதே இல்லை. கூச்சம் உள்ளவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லோரையும் கவனித்திருப்பாரே, அந்தக் கவனிப்பில் எவ்வளவு இருக்கும்! அதை எழுதட்டும்.

பார்த்துப் பழகிய நாயகனின் சக்தியை நிறம் மாற்றி எடுத்துக்கொள்வது இன்னொன்று. தொடக்கத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம். அந்த நாயகனிடம் உங்களுக்குப் பிடித்தது எந்த நொடி என்று இரண்டாம் படிக் கேள்வியைக் கேட்டால் சொந்தச் சரக்கு வெளியே வந்துவிடும்.

குழந்தைகளோடு இதைச் செய்தால் படிகளைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். டைனோசர் பிடித்த குழந்தை "நான் டைனோசரா மாறுவேன்" என்று சொன்னால் திருத்த வேண்டாம். "மாறினதும் முதல்ல என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். "மாறினா உன் கட்டில் தாங்குமா?" என்று கேட்டால் கலிலியோவின் விதியைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். அவர்கள் சொல்லும் எல்லைகள் பெரும்பாலும் நம்முடையதைவிடக் கறாரானவை. குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்வதுதான் நம் வேலை.

கடைசிப் படி: இன்னொருவரிடம் கொடுங்கள்

வாக்கியம், எல்லைகள், விலை, ஒரு நாள் என்று எல்லாம் சேர்த்தால் இரண்டு பக்கம் வரும். தேதி போட்டு, இதேபோல் எழுதிய இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் சக்திக்கு அவர் ஒரு விலையைச் சேர்க்கட்டும், அவருடையதற்கு நீங்கள் சேருங்கள். நம் பித்தின்மேல் நமக்கு இருக்கும் பாசத்தால் நாம் தயங்கி விட்டுவைத்த இடம் அடுத்தவர் கண்ணில் உடனே படும்.

பிறகு இரண்டு சக்திகளையும் ஒரே சிக்கலில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். நானும் வரைபட நண்பரும் அப்படித்தான் செய்தோம். அவர் ஒரு தப்பான படத்தை மடித்து, வடக்கே பனிக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொண்டோம். அவருடைய பயணம் நின்றுபோய்விட்டது. நின்றுபோன எதையும் நான் பிடித்துப் பார்க்கலாம் அல்லவா? அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, எந்த மடிப்பில் பிசகியது என்று சொல்கிறேன் என்றேன். "உன் கைக்கு வர வேண்டிய படம் என்னோடு பனியில் இருக்கிறது, திசைகாட்டிக் காந்தமும் அதன்மேல்தான் இருக்கிறது" என்றார் அவர். அன்றிரவு இரண்டு பேரும் தூங்கப் போகவில்லை.